அலுமினியம் போட்டால் உடையாதா?

கத்திரி வெயிலில் தமிழ்நாட்டின் அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வரும். பகலில் தெருவில் கால் வைக்க முடியாது. வெயில் தாழ்ந்த பிறகுதான் பிள்ளைகளின் ஆட்டம் தொடங்கும். கிரிக்கெட் மட்டை, சைக்கிள் வரிசையில் இப்போது சில வீடுகளில் ஆர்.சி. கார் என்கிற ரிமோட் காரும் சேர்ந்திருக்கிறது. கடையில் வாங்கி ஒரு வாரத்தில் ஓரங்கட்டும் பொம்மை அல்ல இது. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றி மாட்டக்கூடிய, நிஜக் காரைப் போலவே ஷாக் அப்சார்பரும் கியரும் உள்ள குட்டி வண்டி.

மலையடிவாரத்துத் தெருவில் கல்லுக்கா பஞ்சம்? வேகமாக வந்து ஒரு கல்லில் மோதினால் முன்சக்கரம் தொங்கிவிடும். சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஆர்ம் உடைந்திருக்கும். அடுத்த காட்சி பல வீடுகளில் ஒன்றுதான்.

"அப்பா, இதுக்கு அலுமினியம் செட் வருதுப்பா. போட்டுட்டா உடையவே உடையாது!"

"உடையாதுன்னு யாருடா சொன்னது?"

அப்பாவின் கேள்வி நியாயமானது. ஆன்லைனில் நீலம், சிவப்பு, ஊதா நிறங்களில் மின்னும் அந்த செட்டின் விலை, சில சமயம் வண்டி விலையில் கால்வாசியைத் தாண்டிவிடும். போட்ட பிறகு வண்டி முன்னைவிட மோசமாக ஓடினால் பணமும் போச்சு, பிள்ளையின் ஆசையும் போச்சு.

ஃப்யூஸ் கம்பி சொல்லும் பாடம்

பழைய வீடுகளின் மெயின் போர்டில் ஃப்யூஸ் கம்பி இருக்கும். அது அடிக்கடி போகிறதே என்று தடிமனான கம்பியைச் சுற்றினால் என்ன ஆகும்? ஃப்யூஸ் போகாது. மோட்டார் எரிந்துவிடும்.

ஆர்.சி. காரில் ஃப்யூஸின் வேலையைச் செய்வது அந்த பிளாஸ்டிக் ஆர்ம்தான். அது சாதாரண பிளாஸ்டிக் அல்ல, பெரும்பாலும் நைலான் கலவை. கல்லில் இடித்தால் நாணல் போல வளைந்து நிமிரும். தாங்க முடியாத அடி என்றால் தான் உடைந்து மற்றதைக் காப்பாற்றும். அதை மாற்ற அரை மணி நேரம் போதும், செலவும் குறைவு.

அலுமினிய ஆர்ம் அப்படி வளைந்து கொடுக்காது. அடியின் விசை அப்படியே உள்ளே போகும். ஆர்மைத் தாங்கும் பின் வளையும், அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தாங்கி விரிசல் விடும், அடுத்தது கியர் பெட்டி. அலுமினியமே வளைந்துவிட்டாலோ அது வளைந்தபடியேதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சின்ன வளைவு போதும், வண்டி எப்போதும் ஒரு பக்கமாகவே இழுக்கும். காரணம் தெரியாமல் ஸ்டீயரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பெரிய காரில் மட்டும் ஏன்?

"விலை உயர்ந்த நிஜக் கார்களில் அலுமினிய ஆர்ம்தானே போடுகிறார்கள்?" என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். உண்மைதான். ஆனால் அங்கே அலுமினியம் வருவது இரும்புக்குப் பதிலாக. ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை சுமார் 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம். எடை குறைகிறது. குட்டி காரில் அது மாற்றுவது நைலானை. நைலானின் எடை சுமார் 1.1 கிராம்தான். அதே வடிவத்தில் செய்தால் இங்கே எடை இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது.

அதுவும் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியில் கூடுகிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே பாரம் அதிகமானால், கல்லிலும் பள்ளத்திலும் சக்கரம் சட்டென்று தரையைத் தொடாமல் துள்ளும், பிடிமானம் குறையும். பந்தயத்துக்கென்றே செய்யப்படும் உயர்ரக ஆர்.சி. கார்கள் பலவற்றில் இன்றும் ஆர்ம் மட்டும் பிளாஸ்டிக் கலவையாகவே இருப்பது செலவை மிச்சப்படுத்த அல்ல.

எதற்குப் போடலாம்?

அப்படியானால் அலுமினியமே வேண்டாமா? வேண்டும், இடம் அறிந்து.

முதலிடம் ஷாக் அப்சார்பருக்கு. விலை குறைந்த வண்டிகளில் வரும் பிளாஸ்டிக் ஷாக்கில் ஆயில் கசியும், அடி பலமாக விழுந்தால் மூடி தெறிக்கும். அலுமினிய ஷாக்கில் மூடி மரையில் உறுதியாக உட்காரும். வெளியில் உள்ள வளையத்தைத் திருகி வண்டியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

அடுத்தது, சக்கரத்தின் பேரிங் உட்காரும் ஹப், முன்சக்கரத்தைத் திருப்பும் நக்கிள், ஸ்டீயரிங் இணைப்புகள். இவை தேய்ந்து ஆட்டம் கண்டால் வண்டி நேராக ஓடாது. இங்கே உலோகத்தின் விறைப்பு நன்மை. ஆர்முக்கு மட்டும் கம்பெனி பிளாஸ்டிக்கையே விட்டுவிட்டு, உதிரியாக ஒரு ஜோடி வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

வாங்கும்போது 6061 அல்லது 7075 என்ற எண் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் அலுமினியக் கலவையின் வகைகள். துத்தநாகம் கலந்த 7075 கூடுதல் உறுதி. எண் எதுவும் இல்லாமல் வெறும் 'மெட்டல்' என்று மட்டும் போட்டு மலிவாக வருவது துத்தநாக வார்ப்பாக இருக்கலாம். அது அலுமினியத்தைவிட இரு மடங்குக்கு மேல் கனம், அடிபட்டால் முறியும்.

மாட்டும் முறை

முதல் வேலை, பேட்டரியைக் கழற்றுவது. பிறகு ஒரே நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரிக்க வேண்டும். மறுபக்கம் மாதிரிக்கு இருக்கட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம். கழற்றிய ஸ்க்ரூக்களைப் போட, அம்மாவிடம் கேட்டு வாங்கிய ஓட்டையில்லாத பழைய இட்லித் தட்டு அருமையாக உதவும். குழிக்கு ஒரு சக்கரம்!

ஆலன் கீ சரியான அளவில், முனை தேயாததாக இருக்க வேண்டும். பாதிப் பிரச்னைகள் தலை தேய்ந்த ஸ்க்ரூவில்தான் தொடங்குகின்றன. பின்னின் நுனியில் உள்ள குட்டி 'இ' கிளிப் தெறித்து ஓடக்கூடியது. வண்டியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து அதைக் கழற்றினால் தேடி அலைய வேண்டாம். கண்ணுக்கும் பாதுகாப்பு.

உலோகத்தில் உலோக ஸ்க்ரூ போகும் இடத்தில் நீல நிற த்ரெட் லாக்கர் ஒரு துளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிர்விலேயே கழன்றுவிடும். சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது. பிளாஸ்டிக்கில் எந்த நிறமும் வைக்கக் கூடாது, வெடிப்பு வரலாம். பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது, முதலில் பின்பக்கமாகச் சுற்றி, பழைய மரையில் விழுகிற 'டிக்' உணர்வு வந்த பிறகு முறுக்கினால் மரை கெடாது.

ஷாக்கை மாட்டுவதற்கு முன் ஆர்மைத் தூக்கி விட்டுப் பார்க்க வேண்டும். தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும். இறுக்கமாக நின்றால் எங்கோ உரசுகிறது. சுத்தியலால் தட்டாமல், பிசிறை மெல்லத் தேய்த்து எடுக்க வேண்டும்.

ஆயிலில் பொறுமை

ஷாக்கில் சிலிக்கான் ஆயில் மட்டுமே. பைக் ஃபோர்க் ஆயில் மிச்சமிருக்கிறது என்று ஊற்றினால், பெட்ரோலிய எண்ணெயில் உள்ளேயுள்ள சிலிக்கான் ரப்பர் வளையங்கள் ஊதிப்போகும். கம்பியைக் கீழே இழுத்து வைத்து ஆயிலை நிரப்பி, மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் காற்றுக் குமிழிகள் மேலே வரும். சில நிமிடம் அப்படியே விட்டு, குமிழி அடங்கிய பிறகே மூட வேண்டும். அவசரப்பட்டால் அழுத்தும்போது 'கொழக் கொழக்' என்று சத்தம் கேட்கும்.

ஆயிலின் எண் கூடக் கூடக் கெட்டித்தன்மை கூடும். வெயிலில் ஆயில் இளகும். மார்கழியில் சரியாக இருந்த ஆயில் திருத்தணியின் மே மாதத்துக்குத் தண்ணீராகத் தோன்றினால், ஒரு படி கெட்டியானதற்கு மாறலாம்.

கடைசியில் வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் விட வேண்டும். துள்ளாமல், ஒரு பக்கம் சாயாமல் அமர்ந்தால் வேலை சரி. ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு ஸ்க்ரூக்களை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். தெருப்புழுதி உப்புத்தாள் போல உலோகத்தைத் தேய்க்கும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்வது அவசியம்.

விலை இல்லாத பகுதி

ஜப்பானின் டாமியா நிறுவனம் 1976-ல் தன் முதல் ரிமோட் காரை, போர்ஷே 934-ன் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் வெளியிட்டபோதே, அதை வாங்குபவர் தானே கோத்துச் சேர்க்கும் பாகங்களாகத்தான் விற்றது. இந்த விளையாட்டின் ருசியே அங்கேதான். ஒரு சக்கரத்தைப் பிரித்து மாட்டிய பிள்ளைக்கு ஆர்ம், ஹப், ஷாக் என்பதெல்லாம் பாடப் புத்தகத்துச் சொற்களாக இருக்காது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கார் தொழிற்சாலைகளில் புழங்குவதும் இதே சொற்கள்தான்.

ஆகவே பிள்ளை செட் கேட்டால், 'வேண்டாம்' என்று முடிப்பதற்குப் பதிலாக அப்பா ஒரு கேள்வி கேட்கலாம்: "போன தடவை உடைஞ்சது எது, ஏன் உடைஞ்சது?" அதற்குச் சரியான பதில் சொல்லும் பிள்ளைக்கு ஷாக் செட் வாங்கித் தரலாம், பணம் வீணாகாது. பதில் தெரியவில்லை என்றால் ஒரு ஜோடி பிளாஸ்டிக் ஆர்மும் நல்ல ஆலன் கீயும் போதும். பிரித்துப் பார்த்துப் பதிலைக் கண்டுபிடித்துவிட்டு வரட்டும்.