தெர்மோகோலைப் பாத்து பயப்படலாமா?

சிரிக்காம படிப்பீங்கன்னு நம்பிச் சொல்றேன் மக்களே. எனக்கு தெர்மோகோல்னா பயம். பாம்பு, பல்லி, மேனேஜர் எல்லாம் சமாளிச்சுடுவேன். ஆனா ரெண்டு தெர்மோகோல் துண்டு உரசும்போது வருமே ஒரு 'க்ரீச்'... டைப் அடிக்கும்போதே பல் கூசுது.

ஒரு சின்ன கொசுவத்தி. ஏழாம் வகுப்பு, அறிவியல் கண்காட்சி. தெர்மோகோலை பிளேடால அறுக்கிற வேலை எனக்கு. முடியாதுன்னேன். ஏன்னு கேட்டாங்க. உண்மையைச் சொன்னதுதான் தப்பு. அன்னைக்கு முழுக்க என் காதுகிட்ட வந்து உரசிக்கிட்டே இருந்தானுங்க. வாத்தியாரும் சிரிச்சுக்கிட்டே, "வெறும் காத்துடா அது, உன்னை என்ன பண்ணும்?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். தெர்மோகோலில் சுமார் 98 சதவீதம் காற்றுதான், மிச்சம் பாலிஸ்டைரீன். ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டும்போது வருகிற அதிர்வுதான் அந்தச் சத்தம். எஞ்சினியரிங் படிச்சவனுக்கு இது தெரியாதா? 1986-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூணு பேர், கேட்கச் சகிக்காத சத்தங்களைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதில் இந்த உரசலும் உண்டு. 2006-ல் அதுக்கு இக்நோபல் பரிசுகூட கிடைச்சது. ஆக, கூச்சம் ஊருக்கே பொது. என் கேஸ் கொஞ்சம் முத்தினது. வீட்டுக்குப் புது டிவி வந்தா, பெட்டியைப் பிரிச்சு முடிக்கிறவரைக்கும் மொட்டைமாடியில் நிற்பேன். 2017-ல் வைகை அணையில் தெர்மோகோல் மிதக்க விட்டதைப் பார்த்து ஊரே சிரிச்சப்போ, நான் வீடியோவை ம்யூட் பண்ணிட்டுதான் பார்த்தேன்.

நிற்க. சொல்ல வந்தது இதில்லை.

போன வருஷம் ஆபீசில் ஒரு பிறந்தநாள். டீமில் புதுசா சேர்ந்த பொண்ணு, "எனக்கு பலூன்னா பயம்"னு சொன்னாங்க. உடனே யாரோ அவங்க பின்னாடி ஒண்ணை உடைச்சாங்க. காதைப் பொத்திக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். ஆமா, நானும்தான். "வெறும் காத்துதானேங்க" என்று வேற சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்த வாத்தியார் குரல் காதில் கேட்டது.

பயப்படுறவங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாதுன்னு நம்மைவிட நல்லாவே தெரியும். தெரிஞ்சும் பயம் வருதேன்னுதான் வெட்கப்பட்டு மறைக்கிறாங்க. அதனால லாஜிக் பேசி ஒரு பிரயோஜனமும் இல்லை. "பழக்கினா சரியாயிடும்"பாங்க சிலர். படிப்படியா பழக்குற சிகிச்சை நிஜமாவே இருக்கு. ஆனா அது பயப்படுறவர் சம்மதத்தோட, அவர் தாங்குற வேகத்தில் நடக்கிறது. பின்னாடி நின்னு பலூன் உடைக்கிறதுக்குப் பேர் சிகிச்சை இல்லை.

மறுநாள் அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டேன். என் தெர்மோகோல் கதையையும் சொன்னேன். சிரிக்கலை. "சத்தம் கேட்டா மட்டுமா, தொட்டாலுமா?"ன்னு கேட்டாங்க. இத்தனை வருஷத்தில் இதை என்கிட்ட யாருமே கேட்டதில்லை.

டிஸ்கி: பார்சலில் தெர்மோகோல் வெச்சு அனுப்பலாம்னு யாராவது யோசிச்சா, வேண்டாம். அழுதுருவேன்.