சுத்தமான ஐதரசன்: ஊக்கி எழுதாத கணக்கு

2025 மே மாதம் டென்மார்க்கின் தென்பகுதியில், கசோ என்ற இடத்தில், ஆண்டுக்கு 42,000 தொன் மெதனோல் தயாரிக்கும் ஆலை திறக்கப்பட்டது. சூரிய மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஐதரசன் எடுத்து, உயிர்வாயு ஆலையிலிருந்து வரும் காபனீரொட்சைட்டைச் சேர்த்து மெதனோலாக்குகிறார்கள். கப்பல் நிறுவனமான மேர்ஸ்க் அதை வாங்குகிறது.

கையில் இருக்கும் ஐதரசனை ஏன் மெதனோலாக்க வேண்டும்? காவிச் செல்ல வசதி என்பதால்தான். ஐதரசனைத் திரவமாக்கப் பூச்சியத்துக்குக் கீழே 253 பாகைவரை குளிராக்க வேண்டும்; அப்போதும் ஒரு லீற்றரில் இருப்பது 71 கிராம்தான். மெதனோல் சாதாரண தாங்கியிலேயே நிற்கும். அதில் ஒரு லீற்றரை நீராவியோடு சேர்த்து முழுதாகப் பிரித்தால், கணக்குப்படி ஏறத்தாழ 148 கிராம் ஐதரசன் வரும்.

பிரிப்பது ஊக்கியின் வேலை. செப்பு, நாக ஒட்சைட்டு, அலுமினா சேர்ந்த, குளிசை போன்ற சிறு துண்டுகள். 250 பாகையளவில் வேலை செய்யும். (மெதனோலை உண்டாக்கவும் 1960களிலிருந்து ஏறத்தாழ இதே கலவைதான்!) சூடு மிஞ்சினால் செப்புத் துகள்கள் ஒட்டித் திரண்டு ஊக்கி செயலிழக்கும். கூடவே கொஞ்சம் காபனோரொட்சைட்டும் வரும். சாதாரண எரிபொருட்கலத்தின் பிளாட்டினத்துக்கு அது நஞ்சு. பத்து இலட்சத்தில் பத்துப் பங்கே தொல்லை தரும். ஆகவே ஆய்வுகூடத்தில் ‘சுத்தமான ஐதரசன்’ என்றால் இந்த நஞ்சு நீங்கிய ஐதரசன். மேடையில் அமைச்சர்கள் சொல்லும் ‘சுத்தம்’ வேறு. இரண்டையும் ஒன்றாக்கி விற்கும்போதுதான் எங்களைப் போன்ற கணக்காளருக்குக் கண் உறுத்துகிறது.

பேரேட்டைத் திறப்போம். 32 கிலோ மெதனோலும் 18 கிலோ நீரும் வரவு. வெளியே போவது 6 கிலோ ஐதரசன், 44 கிலோ காபனீரொட்சைட்டு. இருபக்கமும் 50. எவ்வளவு திறமான ஊக்கி வந்தாலும் இந்த வழியில் அந்த 44 குறையாது. கசோ மெதனோலில் அது பயிர்கள் முன்பே காற்றிலிருந்து எடுத்தது. திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். நிலக்கரி மெதனோலில் அது புதுக் கடன், தயாரிக்கும்போது வெளியேறிய புகை அதற்கு மேல்.

உலகில் ஆண்டுக்கு நூறு மில்லியன் தொன்னுக்கு மேல் மெதனோல் உற்பத்தியாகிறது. பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்து. சீனாவில் முக்கியமாக நிலக்கரியிலிருந்து. கசோவின் பங்கு இரண்டாயிரத்தில் ஒன்றுகூட வராது.

பசுமைப் பங்கு விளம்பரங்கள் எங்கள் குடும்பங்களுக்கும் வருகின்றன. ஊக்கியின் பெருமையைப் பிறகு வாசிக்கலாம். மெதனோல் எங்கே, எதிலிருந்து வாங்கப்படுகிறது என்று முதலில் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, இவ்வகை எரிபொருளைப் புதுப்பிக்கத்தக்கது என்று கணக்கில் சேர்க்க, தொடக்கத்திலிருந்து முடிவுவரை 70 வீத உமிழ்வுக் குறைப்பைக் காட்டவேண்டும். அந்தச் சான்று இல்லாத மெதனோலை நாங்கள் கடன் பக்கத்திலேயே பதிவோம்.