பல்லாவரத்து மண்ணைக் காக்க யார் வேண்டும்?

இந்தியத் தொல்பழங்கால ஆய்வு தொடங்கிய இடம் தாம்பரம் மாநகராட்சிக்குள்ளேயே இருக்கிறது. 1863 மே 30 அன்று, பல்லாவரம் ராணுவ அணிவகுப்பு மைதானத்துக்கு அருகே சரளை தோண்டிய பள்ளத்தில், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், பல்லாவரம் குன்றுப் பகுதியில் கால்கள் கொண்ட சுடுமண் ஈமப்பேழையை அலெக்சாண்டர் ரீ வெளிக்கொணர்ந்தார்.

ஆனால், அங்கே வீட்டுமனை வைத்திருப்பவருக்குத் 'தொல்லியல்' என்றாலே கட்டட அனுமதிச் சிக்கல்தான் நினைவுக்கு வரும். 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி, மத்திய அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குத் தடையின்மைச் சான்று வேண்டும். தனித்து நிற்கும் கோயிலுக்கு இது பொருந்தும். நெருக்கமான குடியிருப்புகளுக்கு அடியில் சிதறிக் கிடக்கும் ஈமக்காட்டுக்கு எப்படிப் பொருந்தும்? மாடி எடுக்கக் காத்திருக்கும் குடும்பம் அந்தப் பழங்காலத்தைப் பகையாகப் பார்ப்பதில் வியப்பில்லை.

இதன் விளைவு மண்ணுக்கே கேடு. கடைக்கால் தோண்டும்போது தாழி தென்பட்டால் முதலில் பார்ப்பவர் பொக்லைன் ஓட்டுநரும் கொத்தனாரும்தான். தகவல் சொன்னால் வேலை நின்றுவிடும் என்ற அச்சம் இருக்கும்வரை அந்தத் தாழி நொறுங்கி, மண்ணோடு மண்ணாக லாரியில் போகும். எந்த அதிகாரியாலும் எல்லாப் பள்ளங்களையும் கண்காணிக்க முடியாது.

மக்களைச் சேர்த்துக்கொள்வதே வழி. இங்கிலாந்தில் வயல்களுக்கு அடியில் புதைந்துள்ள ரோமானிய நகரமான சில்செஸ்டரில், ரெடிங் பல்கலைக்கழகம் 1997 முதல் 2014 வரை மாணவர்களையும் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொண்டே அகழ்ந்தது. அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். கீழடியில் தனியார் தென்னந்தோப்புகளில்தான் அகழாய்வுக் குழிகள் வெட்டப்பட்டன. உள்ளூர் மக்களே மண்ணை அள்ளினார்கள். 2023இல் அந்தப் பகுதியிலேயே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அதனால்தான் அது ஊராரின் பெருமையானது.

பல்லாவரத்தில் காலி நிலம் குறைவு. பெரிய அகழாய்வைவிட, தோண்டப்படும் ஒவ்வொரு பள்ளத்தையும் பதிவு செய்வதே இங்கே பயன் தரும். தகவல் வந்தால் குறித்த நாட்களுக்குள் வல்லுநர் வந்து, அரசுச் செலவில் பொருளை எடுத்து, வேலையைத் தொடர விட வேண்டும். தாமதத்தின் செலவை வீட்டுக்காரர் தலையில் கட்டுவது அநியாயம். கொத்தனார்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் பானை ஓட்டையும் கற்கருவியையும் அடையாளம் காணப் பயிற்சி கொடுக்கலாம். மத்திய தொல்லியல் துறையும் மாநிலத் தொல்லியல் துறையும் தாம்பரம் மாநகராட்சியும் ஒன்றாக அமர்ந்து இதற்கான நடைமுறையை வகுக்க வேண்டும். வார்டு கூட்டங்களில் மக்களின் குறைகளைக் கேட்பதிலிருந்து அதைத் தொடங்கட்டும்.