கிள்ளானில் நான் இரண்டு பேர்

எங்கள் தாமான் இளைஞர்கள் சிலர் சேர்ந்து, எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கு வேலை நேர்காணல் பயிற்சி ஒன்றை நடத்தத் திட்டமிட்டோம். கையில் இருந்த பணம் கொஞ்சம்தான். அறிவிப்பை எங்கே போடுவது என்ற பேச்சு வந்தபோது, நண்பன் ஒருவன் மடிக்கணினியைத் திறந்து, லிங்க்ட்இன் தளத்தின் விளம்பரக் கருவியில் கிள்ளான் என்று தட்டினான். ஆறு இலக்கத்தில் ஓர் எண் வந்தது.

"பாருடா, ஊரே இங்கதான் இருக்கு. காசு எல்லாத்தையும் இதிலேயே போட்டுடலாம்" என்றான்.

எனக்கு உடனே உறுத்தியது. காரணம் நானேதான். முதலாமாண்டில் விரிவுரையாளர் சொன்னாரே என்று அத்தளத்தில் ஒரு கணக்குத் திறந்தேன். கடவுச்சொல் மறந்துபோனது. பிறகு தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, பல்கலைக்கழக மின்னஞ்சலில் இன்னொன்றைத் திறந்தேன். இரண்டிலும் ஊர் கிள்ளான். என் அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன; அவர் கணக்கு இன்னும் கிள்ளானிலேயே இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா ஊரைவிட்டு எங்கும் போகவில்லை, ஆனால் தம் பக்கத்தில் 'கிரேட்டர் கோலாலம்பூர்' என்று போட்டிருக்கிறார். ஒரே சாலையில் இத்தனை குளறுபடி.

அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. அது கணக்குகளைச் சொல்கிறது, நாம் ஆட்கள் என்று படித்துக்கொள்கிறோம். 2003இல் செயல்படத் தொடங்கிய அத்தளம், உலக அளவில் 100 கோடி உறுப்பினர்களைத் தாண்டிவிட்டதாக 2023இல் அறிவித்தது. உறுப்பினர் என்றால் என்றோ ஒருநாள் பதிவு செய்தவர். நேற்று உள்ளே வந்தவர் என்று பொருளல்ல. விளம்பரக் கருவியிலும், அந்த வட்டாரத்தில் நிரந்தரமாக இருப்பவர் மட்டுமா, அண்மையில் அங்கே இருந்தவரும் சேர்த்தா என்று ஒரு தேர்வு உண்டு. அதை மாற்றினால் எண்ணும் மாறும். நண்பன் அதைக் கவனிக்கவே இல்லை.

எதனால் வகுக்கிறோம் என்பதும் முக்கியம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிள்ளான் மாவட்டம் 10 லட்சத்தைத் தாண்டியது. அதில் தொட்டில் குழந்தையும் உண்டு, என் பாட்டியும் உண்டு. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் அத்தளத்தில் சேரவே முடியாது. எல்லாரையும் கொண்டு வகுத்தால் விழுக்காடு குறையும், வேலை செய்பவர்களை மட்டும் கொண்டு வகுத்தால் கூடும். விற்பவருக்கு எது பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியில் என் ஐந்தாம் படிவ வகுப்புப் படத்தை எடுத்தோம். 34 பேர். புலனக் குழுவில் கேட்டிருக்கலாம், ஆனால் அங்கே உடனே பதில் போடுபவர்கள் எந்நேரமும் இணையத்தில் இருப்பவர்கள். அதனால் படத்தில் நிற்கும் வரிசைப்படி ஒவ்வொருவராக அழைத்தோம். இரண்டு இரவுகள் ஆயின. 28 பேர் கிடைத்தார்கள். கணக்கு வைத்திருப்பவர்கள் 11 பேர். கடந்த ஒரு மாதத்தில் அதைத் திறந்து பார்த்தவர்கள் 4 பேர்தான். கிடைக்காத 6 பேரிடமும் கணக்கு இருந்தால்கூட 17, அதாவது வகுப்பில் பாதி. ஒருவரிடமும் இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கு. ஒரே எண்ணாகச் சொல்வதைவிட, 'மூன்றில் ஒன்று முதல் பாதி வரை' என்று சொல்வதே நேர்மை என்று எனக்குப் படுகிறது.

ஒரு வகுப்பை வைத்து ஊரை அளக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 4 பேர் யார் என்பது தெரிந்தது. எல்லாரும் கணக்காய்வு, ஐ.டி. துறையினர். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நண்பனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவன் மாமா. தாதியாக இருக்கும் தோழிக்கு அப்படி ஒரு தளம் இருப்பதே தெரியவில்லை. நாங்கள் பயிற்சி நடத்த நினைத்தது இவர்களுடைய தம்பி தங்கைகளுக்கு.

கல்லூரி இடுபணிகளிலும் இத்தகைய எண்களைப் பார்க்கிறேன். எந்த நாளில், எந்தத் தேர்வுகளோடு எடுத்தது என்று எழுதுவோர் குறைவு. விரிவுரையாளர்கள் அதைக் கேட்டு மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும் என்பேன். என் நண்பர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

பணத்தில் பெரும்பகுதி சுவரொட்டிக்குப் போனது. ரொட்டிச்சானாய் கடையிலும் கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினோம். நண்பன் இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. நான் என் பழைய கணக்கின் கடவுச்சொல்லை மீட்டுவிட்டேன். இந்த வாரம் அதை மூடப்போகிறேன். கிள்ளானில் ஓர் ஆள் குறையும்.