அடுப்பை ஊதியது யார்?

சென்ற ஐப்பசியில், அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, கும்பகோணத்தில் என் தமக்கையின் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு யுத்தம் நடந்தது. யுத்தத்துக்குக் காரணம் பரங்கிக்காய் சூப்.

அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. காலை ஏழரை மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஐந்து மணி ஆகும். அன்று நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே போனவள், கால் மணிக்குள் மூன்று கிண்ணங்களில் ஆவி பறக்கும் சூப்போடு வெளியே வந்தாள். கெட்டியாக, வழவழவென்று, பாலும் மஞ்சளும் கலந்த நிறம். மேலே பொடித்த மிளகு. நானும் சித்தப்பாவும் குடித்தோம். சித்தப்பா இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பு வழங்கினார்:

"எல்லாம் சரிதாம்மா. ஆனா இந்தக் கரண்டுச் சட்டியிலே என்ன இருக்கு? எங்க அம்மா கல்சட்டியை அடுப்பிலே ஏத்திட்டு அது பாட்டுக்கு விட்டுடுவாங்க. அது பாட்டுக்குக் கொதிக்கும். அந்த ருசி வருமா?"

அக்கா பதில் சொல்லவில்லை. கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பதில் சொல்ல வேண்டிய கடமை என் தலையில் விழுந்தது. அன்று எனக்கு வாய் வரவில்லை. ஆகவே இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. 'ஸ்லோ குக்கர்' என்று கடையில் சொல்கிறார்கள். கனமான பீங்கான் பாத்திரம். அதைச் சுற்றி மின்சாரத்தால் சூடேறும் உறை. மேலே கண்ணாடி மூடி. இவ்வளவுதான் யந்திரம். குண்டு பல்புகள் இருந்த காலத்துக் கணக்கில் சொன்னால், இரண்டு மூன்று பல்பு எரிகிற மின்சாரம். ஆறு மணி, எட்டு மணி நேரம் தளதளவென்று கொதிக்காமல், மெல்ல முனகிக்கொண்டே வேகும். பிரஷர் குக்கர் பத்து நிமிஷத்தில் செய்வதை இது பகல் முழுவதும் செய்கிறது. இதைக் கேட்டதும் நண்பர்கள் சிரிக்கிறார்கள். நேரத்தை மிச்சப்படுத்தத்தான் யந்திரம். நேரத்தைச் செலவழிக்க ஒரு யந்திரமா என்று கேட்கிறார்கள். சிரிக்க வேண்டாம். செலவாவது சட்டியின் நேரம். மிச்சமாவது அக்காவின் நேரம். இந்த வித்தியாசம் தெரியாதவர்கள்தான் சமையலைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள்.

சித்தப்பாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் நியாயமாகாது. முதல் குற்றவாளி நானே. சில வருஷங்களுக்கு முன் 'கணப்பு' என்று ஒரு சிறுகதை எழுதினேன். திருவையாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பாட்டி, அவள் அடுப்பு, கல்சட்டியில் அணையாத கொதி, ஊர் முழுவதும் மணம். கதை பிரசுரமாயிற்று. பாராட்டிக் கடிதங்கள் வந்தன. எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. அக்காவும் படித்தாள். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஏன்டா தம்பி, கதையிலே அடுப்பு எரியுதே, ஊதினது யாரு?"

திரும்ப எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். கதை முழுவதும் அடுப்பு தானாகவே எரிந்துகொண்டிருந்தது.

கல்சட்டியின் பெருமையை நான் மறுக்கவில்லை. மாக்கல்லைக் குடைந்து செய்த பாத்திரம் அது. புதிதாக வாங்கினால் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பல நாள் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் விரிந்துபோகும். பழகிவிட்டால், அடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்த பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும். இது அதிசயமல்ல, கல் உள்ளே வாங்கிய சூட்டை மெதுவாக வெளியே விடுகிறது. ஆனால் அந்தச் சூட்டை அதற்குள் ஏற்றியது யார், எதைக் கொண்டு ஏற்றினாள் என்பதுதான் கேள்வி.

நம் டெல்டாவில் காடு கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வயல். காவிரியும் குடமுருட்டியும் வெண்ணாறும் நெல்லைக் கொடுக்கும், விறகைக் கொடுக்கா. சவுக்குக் கட்டையைக் காசு கொடுத்து வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். மற்றவர்கள் வறட்டி, தென்னை மட்டை, பாளை, உமி என்று கிடைத்ததை எரித்தார்கள். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்தால் அதன் எடையில் மறுபடியும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். பெரும்பாலும் சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. அந்தச் சாம்பல் உதிராமல் கனலைப் போர்த்திக்கொள்வதால் உமி ஜ்வாலை விடாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். நெல் விளையும் சீமை தனக்காகக் கண்டுபிடித்த மெதுவான நெருப்பு இதுதான்.

உமி அடுப்பை நான் சிறு பையனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் உமியைக் கொட்டி இறுக்கிவிட்டு, கட்டையைப் பதனமாக உருவ வேண்டும். இறுக்கம் குறைந்தால் உமி சரிந்து துளை அடைபடும். அதிகமானால் புகையுமே தவிரப் பிடிக்காது. பிடித்த பிறகும் விட்டுவிட முடியாது. அப்பாயி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் குனிவாள். குத்துவாள், ஊதுவாள், புடைவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவள் கண்கள் எப்போதும் சிவந்தே இருந்தன. பிறவியிலேயே அப்படித்தான் போலும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இரவில் இருமிக்கொண்டே எழுந்து போய், அடுப்பில் கனல் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். "அது பாட்டுக்குக் கொதிக்கும்" என்று சித்தப்பா சொன்ன சட்டி அந்தச் சட்டிதான்.

அந்தப் புகை சாமான்யமானதல்ல. வீட்டு அடுப்புப் புகையால் 2020-ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கைமணம் என்று நாம் கொண்டாடுவதற்கு இந்தக் கணக்கும் ஒரு சேர்மானம்.

இனி ஆட்சேபங்களுக்கு வருவோம்.

சூப் அந்நியப் பண்டம் என்கிறார்கள். ஐயா, வெள்ளைக்காரன் சாப்பாட்டு மேஜையில் 'முல்லிகடானி' என்று ஒரு சூப் உண்டு. அது நம் மிளகுத்தண்ணீர். சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயர்கள் அதன்மேல் வைத்த பிரியத்தைப் பார்த்து, மற்ற ராஜதானிக்காரர்கள் அவர்களுக்கு 'மல்' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். நம்மிடமிருந்து கப்பலேறிப் போனதன் தம்பியோ தங்கையோ பால் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தால், திண்ணையில் நிறுத்தி ஜாதகம் கேட்பானேன்?

யந்திரம் அந்நியம் என்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லத்தான் எனக்கு ஆசை அதிகம். 1910-இல் கல்கத்தாவில் இந்துமாதவ மல்லிக் என்ற வைத்தியர் 'இக்மிக் குக்கர்' என்று ஒன்றைச் செய்தார். அடியில் கரி நெருப்பு, மேலே அடுக்குப் பாத்திரங்கள். ஏற்றிவிட்டுப் போனால் சில மணி நேரத்தில் சாப்பாடு தயார். மின்சாரச் சட்டியின் கதை சிகாகோவில் நடந்தது. இர்விங் நாக்ஸன் என்பவர் 1940-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு யோசனை தந்தது தாயார் சொன்ன ஒரு பழங்கதை. லித்துவேனியாவில் அந்த அம்மாளின் தாயார் வாழ்ந்த யூதக் குடியிருப்பில், சனிக்கிழமை ஓய்வு நாள். அன்று அடுப்பு மூட்டக் கூடாது. ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலமே பயறும் கிழங்கும் இறைச்சியும் போட்ட பானையை ஊர் ரொட்டிக்கடைக்கு எடுத்துப் போவார்களாம். நெருப்பு அணைந்தும் சூடு ஆறாத அந்த அடுப்புக்குள் அது இரவெல்லாம் வேகும். நாக்ஸன் அந்த ரொட்டிக்கடை அடுப்பை ஒரு சட்டியளவுக்குச் சுருக்கினார். 1971-இல் வேறொரு கம்பெனி அதைப் புதுப்பித்து, 'கிராக்-பாட்' என்ற பெயரில் கொண்டு வந்தது. அமெரிக்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாக உத்தியோகத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். பிரமாதமாக விற்றது.

வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டி பிறந்தது அவசரத்துக்காக அல்ல, சோம்பலுக்காகவும் அல்ல. வாரத்தில் ஒரு நாள் அடுப்புக்கு முன் யாரும் நிற்கக் கூடாது என்ற ஒரு விதியிலிருந்து பிறந்தது. நமக்கும் விரதம் உண்டு, பண்டிகை உண்டு, அமாவாசை உண்டு. அந்த நாட்களிலெல்லாம் அடுப்படியில் வேலை இரட்டிப்பு. அப்பாயிக்கு ஓய்வு நாள் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை.

மூன்றாவது ஆட்சேபம், பெண்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்பது. மிக்சி வந்தபோது இதைச் சொன்னார்கள். 2011-இல் தமிழக அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்தபோது இன்னும் உரக்கச் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அம்மிக்கு எதிரே உட்கார்ந்தவர் இல்லை. சோம்பலின் லட்சணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். 2019-இல் மத்திய அரசின் புள்ளியியல் துறை, நாட்டு மக்கள் பொழுதை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டது. வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்குத் தினம் 299 நிமிஷம் செலவழித்தார்கள். ஆண்களில் வீட்டு வேலை செய்தவர்களே நாலில் ஒருவர்தான். அவர்களும் 97 நிமிஷம். சித்தப்பாவின் நிமிஷங்கள் இந்த 97-இல் சேர்ந்தவை அல்ல என்பதற்கு நான் சாட்சி.

ருசி என்ற ஆட்சேபம் மட்டும் மிச்சமிருக்கிறது. அதையும் தட்டிக் கழிக்கப் போவதில்லை. இந்தச் சட்டியும் தானாகச் சமைப்பதில்லை, புத்தியைக் கேட்கிறது. அக்கா செய்வதைச் சொல்கிறேன். முதல் நாள் இரவே பரங்கிக்காய், காரட், ஒரு கை சின்ன வெங்காயம் நறுக்கி வைத்துவிடுவாள். கிழங்கு காரட் வகையறா இதில் வேகத் தாமதமாகும். ஆகையால் சின்னத் துண்டுகளாக்கி அடியிலும் ஓரத்திலும் போட வேண்டும். ஒரு பிடி பயத்தம்பருப்பு. சூப்புக்குக் கெட்டி கொடுப்பது அதுதான், கிரீம் அல்ல. தண்ணீர் குறைவாக ஊற்ற வேண்டும். ஆவி மூடியில் பட்டு உள்ளேயே சொட்டுவதால் வற்றாது. நடுவில் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால், போன சூடு திரும்ப அரை மணி ஆகும். பால் கடைசியில்தான். காலையிலேயே ஊற்றினால் மாலையில் திரிந்து கிடக்கும். ஐந்து மணிக்கு வந்து, மத்தால் நாலு கடை கடைந்து, காய்ச்சிய பாலை விட்டு, மிளகும் உப்பும் போட்டால் ஆயிற்று. ஒரே ஓர் எச்சரிக்கை: ராஜ்மாவைப் பச்சையாக இதில் போடக் கூடாது. அதில் உள்ள நஞ்சு இந்த மெல்லிய சூட்டுக்குச் சாகாது. ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு அடுப்பில் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே போட வேண்டும்.

கல்சட்டிக் குழம்பின் ருசி இதற்கு உண்டா? இல்லை. புகையின் வாசனை இதில் கிடையாது. அந்த வாசனை வேண்டுமென்பவர்கள் தாராளமாக உமி வாங்கி, அடுப்புப் பிடித்து, தாங்களே உட்கார்ந்து ஊதட்டும். நான் கிராமத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊதிப் பார்த்தேன். பொரித்த குழம்புக்குப் பருப்பு வேகுமுன் பதினொரு தடவை எழுந்தேன். பன்னிரண்டாவது தடவை எழவில்லை. அடுப்பு அணைந்துவிட்டது. அன்று ஓட்டலில் சாப்பிட்டேன்.

இந்தச் சட்டி வந்ததால் உலகம் திருந்திவிட்டது என்று நான் சொல்லவில்லை. நடுவில் கரண்டு நெடுநேரம் நின்றுபோனால் அத்தனையும் வீண், கொட்டத்தான் வேண்டும். தவிர, யந்திரம் நெருப்பை மட்டுமே பார்த்துக்கொள்கிறது. காயை நறுக்கியது அக்கா. கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டு வந்து கொடுத்தது அக்கா. கல்லாய்க் கனக்கிற அந்தப் பீங்கானைக் கழுவுவதும் அக்கா. உட்கார்ந்த இடத்தில் இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல அப்போதும் இருவர் இருந்தோம். ஒருவர் வாய் திறந்து சொன்னார், மற்றவர் வாய் திறவாமல் இருந்தார். ஊதியது யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. நறுக்கியது யார் என்ற கேள்வி அடுத்து நிற்கிறது. அதற்கு எந்தக் கம்பெனியும் சட்டி செய்து தராது.

மிச்சமாகும் நேரத்தில் இந்தப் பெண்கள் என்னதான் செய்கிறார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். படிக்கிறார்களா, பாட்டுக் கற்கிறார்களா, சமூக சேவை செய்கிறார்களா? இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபமூட்டுகிறது. அவர் சீட்டாடும் நேரத்துக்கு யார் கணக்குக் கேட்டார்கள்?

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் ஊஞ்சலுக்குக் கீழே, வெறுந்தரையில், கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அடுப்படியில் சட்டி முனகிக்கொண்டிருந்தது. என் காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தவள், எழுந்திருக்கவில்லை.

"உள்ளே சூப் இருக்கு. பாலைக் காய்ச்சி ஊத்தி நீயே குடி. எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் போய்ப் பாலைக் காய்ச்சினேன்.