கணக்கிற்கு இரட்டைக் காவல்

சங்கத்தின் கணக்கே அங்கத்தினரின் உரிமைப் பத்திரம். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, எவருக்கு எவ்வளவு கடன் என்று எடுத்துக்காட்டியவை சங்க ஏடுகளே அன்றோ? நெசவாளருக்கும் அப்படியே, வாங்கிய நூல், கொடுத்த சேலை, சேரவேண்டிய கூலி யாவும் கணக்கிலேயே நிற்கின்றன. அவ்வேடு இன்று கணினிக்குள் குடியேறி வருகிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022-இல் திட்டம் வகுத்தது.

கணினியில் எழுத்தைத் தாங்குவது ஹார்டு டிஸ்க் எனும் வன்தட்டு. அது முன்னறிவிப்பின்றி ஒருநாள் நின்றுபோகக்கூடும். ஆகவே, ஒரே கணக்கை ஒரே சமயத்தில் இரு தட்டுகளில் எழுதும் 'மிரரிங்' முறை ஏற்பட்டது. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையை நடத்தும். புதிய தட்டைப் பொருத்தினால் முழுக் கணக்கும் அதில் படியெடுக்கப்படும். இச்செலவுக்குத் தயங்குவது சிக்கனமாகாது.

ஆயினும், இதுவே போதுமென்று இருந்துவிடலாகாது. விதைநெல்லை ஒரே வீட்டில் இரு குதிர்களில் வைத்தால் எலிக்குத் தப்பலாம், வெள்ளத்துக்குத் தப்புமா? 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்திலும் பட்டுக்கோட்டையிலும் கூரைகளைப் பெயர்த்ததை நாம் மறக்கவில்லை. மேலும், கைதவறி அழித்த கணக்கு இரு தட்டுகளிலும் அக்கணமே அழியும். கணக்கைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கயவர்களின் நிரலும் இரண்டையும் சேர்த்தே பூட்டும். 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குக் கணினிப் பணி செய்யும் நிறுவனமொன்று அவ்வாறு தாக்கப்பட, சுமார் 300 வங்கிகளின் பணப்பரிமாற்றச் சேவை தற்காலிகமாகத் தடைப்பட்டது.

எனவே, தம் கணினியிலேயே கணக்கு வைத்துள்ள சங்கங்களுக்கு நாம் வற்புறுத்துவன மூன்று. முதலாவது, இரட்டைத் தட்டு முறையை ஏற்படுத்தி, ஒன்று பழுதானால் அன்றே மாற்றவேண்டும்; கவனியாதவருக்கு இரண்டாவதும் நின்ற பின்னரே விஷயம் தெரியும். இரண்டாவது, நாள்தோறும் தனி நகல் எடுத்துக் கணினியோடு இணைக்காமல் வைத்து, வாரத்திற்கொன்றைக் கடவுச்சொல்லிட்டு வேறோர் ஊரில் பத்திரப்படுத்தவேண்டும். மூன்றாவது, மூன்று மாதத்திற்கொருமுறை அந்நகலை வேறு கணினியில் திறந்து, சில அங்கத்தினர்களின் கணக்கை ஒப்புநோக்கவேண்டும். திறந்து பாராத நகலை நம்புவதற்கில்லை.

"நகல் எங்கே உள்ளது? கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?" இவ்விரு கேள்விகளையும் அங்கத்தினர்கள் அடுத்த மகாசபையில் எழுப்புவார்களாக. சங்கத்தின் சொந்தக்காரர்கள் அவர்களே. கேட்கும் உரிமையும் அவர்களுடையதே.