யாருக்காக இணையதளம்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்)

வீடு கட்டுகிறவர்கள் வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்றுதான் முதலில் எண்ணுகிறார்கள். சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்பது கடைசியில் வரும் கேள்வி. இணையதளம் அமைப்போரிற் பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். நிறத்தையும், ஓடும் எழுத்துகளையும், மாறிமாறித் தோன்றும் படங்களையும் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். உள்ளே வருகிறவர் எந்த வழியாக வருவார், தேடி வந்தது அவருக்குக் கிடைத்ததா என்பதைக் கடைசிவரை கேட்பதே இல்லை. இணையதளம் யாருக்காக? அமைத்தவருக்காகவா? விழா வைத்துத் திறந்தவருக்காகவா? அல்லது ஒரு காரியமாக அதை நாடி வருகிறவருக்காகவா? இக்கேள்வியை மாணவ நண்பர்கள் முன்பும் பேராசிரியப் பெருமக்கள் முன்பும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று இணையதளம் ஓர் அலங்காரப் பொருள் அன்று. அரசுக் கலைக் கல்லூரியில் சேர விண்ணப்பிப்பது இணையத்தில். உதவித்தொகைக்குப் பதிவதும் தேர்வு முடிவைப் பார்ப்பதும் இணையத்தில். முன்பெல்லாம் அலுவலகத்தில் கம்பிக்கு அப்பால் ஓர் எழுத்தர் அமர்ந்திருப்பார். "ஐயா, இந்த இடத்தில் என்ன எழுதணும்?" என்று கேட்டால், கடிந்துகொண்டாவது பதில் சொல்வார். திரைக்கு அந்த வாய் இல்லை. பட்டம் பெற்றவர்கள் இருக்கும் வீட்டில் அண்ணனோ அக்காளோ பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தருவர். எங்களைப் போலக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிறவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? பிரவுசிங் சென்டர்தான் இருக்கிறது. அங்கே பணம் கொடுத்து நிரப்புகிறோம். சில இடங்களில் கடைக்காரர் அவசரத்துக்குத் தம் கைபேசி எண்ணையே பதிந்துவிடுகிறார். பிறகு வரும் செய்தியெல்லாம் அவருக்குப் போகிறது. பாஸ்வேர்டு அவருடைய நோட்டில் கிடக்கிறது. ஒரு பக்கம் குழப்பமாக அமைந்துவிட்டால் ஒருவனுடைய படிப்பே அந்த நோட்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. இதை மறுப்பார் யார்?

விலையில்லாக் கருவிகள்

டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கில அறிஞர் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் உலகளாவிய வலையை உருவாக்கினார். 1993இல் அந்த ஆய்வுக்கூடம் அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு வழங்கிவிட்டது. ஆனாலும், பல ஆண்டுகள்வரை ஒரு தளம் அமைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அறிவிப்பில் ஒரு தேதியை மாற்றவும் நிரல் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டும்.

இந்தத் தடையை உடைத்தவை உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள். எழுதப்படும் செய்தி ஒருபுறம் தரவுத்தளத்தில் இருக்கும். அதன் தோற்றம் மறுபுறம் தனியே இருக்கும். தட்டச்சு தெரிந்த எவரும் உள்ளே நுழைந்து செய்தியை மாற்றலாம், தோற்றம் குலையாது. பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக மாணவராக இருந்த ட்ரீஸ் பாய்டார்ட் விடுதி நண்பர்கள் செய்தி பரிமாறிக்கொள்வதற்காகத் தொடங்கியதுதான் பின்னர் ட்ரூபல் ஆயிற்று. 2001இல் அதை உலகுக்குத் திறந்துவிட்டார். அமெரிக்காவின் மாட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தின் மைக் லிட்டிலும் சேர்ந்து 2003இல் வேர்ட்பிரஸ்ஸை வெளியிட்டபோது முல்லன்வெக்குக்கு வயது 19. இன்று உலகின் இணையதளங்களில் பத்தில் நான்குக்கு மேற்பட்டவை அதிலேயே இயங்குகின்றன. 2005இல் பிறந்த ஜூம்லாவின் பெயர் சுவாஹிலி மொழியிலிருந்து வந்தது. 'எல்லாரும் சேர்ந்து' என்பது பொருள். நம் வயதினர் தொடங்கியவையும் இவற்றில் உண்டு என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவற்றைத் திறமூல மென்பொருள் என்கிறோம். விலை இல்லை என்பது மட்டும் இதன் பொருள் அன்று. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குத் தரலாம் என்ற உரிமையே இதன் உயிர். நம்மைப் போன்ற அரசுக் கல்லூரிக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை என்பது என் துணிபு. இணைய இணைப்பு இல்லாமலேயே ஆய்வகக் கணினியில் வேர்ட்பிரஸ்ஸை நிறுவிப் பழகலாம். நிர்வாகி, பதிப்பாசிரியர், ஆசிரியர், பங்களிப்பாளர், சந்தாதாரர் என ஐந்து படிநிலைகள் அதில் உண்டு. முதலாண்டு மாணவன் ஒரு செய்தியை எழுதி வைக்கலாம். பேராசிரியர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அது வெளிவரும். யாருக்கு எவ்வளவு உரிமை என்பதை நாமே வகுத்துக்கொள்ளலாம்.

கருவி எளிது, தளம் எளிதா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வேர்ட்பிரஸ்ஸில் தளம் அமைப்பது எளிது. ஆகவே அமைக்கப்பட்ட தளமும் எளிது என்று கருதிவிடுகிறார்கள். சமைப்பவருக்கு அடுப்பு வசதியாக இருந்தால் உண்பவருக்குச் சோறு ருசித்துவிடுமா? ஆயிரக்கணக்கான தீம்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கண்ணைப் பறிப்பது எதுவோ அதையே கை எடுக்கிறது.

எளிமை என்பது அவரவர் விருப்பம் அன்று. அதற்கும் அளவுகோல் உண்டு. உலகத் தர நிர்ணய அமைப்பு 1998இல் வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 9241 வரிசையின் பதினோராம் பகுதி மூன்று கேள்விகளை வைக்கிறது. வந்தவர் காரியத்தை முடித்தாரா? அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவாயின? முடிவில் அவருக்கு மனநிறைவு இருந்ததா? 'அழகாக இருந்ததா?' என்ற கேள்வியே இம்மூன்றில் இல்லை. இணையத்துக்கான அணுகல் நெறிகள் இன்னும் நுட்பமானவை. சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்து நாகரிகம் என்று மகிழ்கிறவர்கள், நண்பகல் வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று அதைப் படித்துப் பார்க்கட்டும். நம் நாட்டிலும் 2009இலிருந்தே அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் இருந்து வருகின்றன. நெறிகளுக்குப் பஞ்சமில்லை, ஒருவரை உட்கார வைத்துப் பார்க்கும் பழக்கத்துக்குத்தான் பஞ்சம்.

ஐந்து பேர் போதும்

சோதனை என்றதும் பெரிய ஆய்வுக்கூடமும் பெரும் பொருட்செலவும் வேண்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை. இத்துறை வல்லுநரான யாக்கோப் நீல்சன் 2000ஆம் ஆண்டில், ஐந்து பேர் போதும் என்று எழுதினார். அவர் கண்ட சராசரிப்படி ஒரு பயனர் ஒரு தளத்தின் குறைகளில் ஏறத்தாழ 31 விழுக்காட்டை வெளிப்படுத்துகிறார். அப்படியானால் அவர் காணாமல் விடுவது 69 விழுக்காடு. 0.69ஐ ஐந்து முறை பெருக்கினால் சுமார் 0.16 வருகிறது. அதாவது ஐந்து பேர் பார்த்து முடிக்கையில் 85 விழுக்காடு அளவுக்குக் குறைகள் வெளிப்பட்டுவிடும். பதினைந்து பேரை ஒரே முறை அழைப்பதைவிட, ஐவராக மூன்று முறை அழைத்து, ஒவ்வொரு முறையும் திருத்திக்கொள்வதே மேல் என்பது அவர் கருத்து. சராசரி என்பது எங்கும் அப்படியே பொருந்திவிடாது. ஆனால் ஒருவரையும் கேளாதிருப்பதைவிட ஐவரைக் கேட்பது எவ்வளவோ உயர்ந்தது.

முறையும் எளிதே. "உதவித்தொகைப் பக்கத்தைத் திறங்கள்" என்று சொல்லக் கூடாது. அது விடையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்பதாகும். "உங்கள் மகளுக்கு உதவித்தொகை வாங்க வேண்டும், கடைசி நாள் எது என்று பாருங்கள்" என்று காரியத்தை மட்டும் தர வேண்டும். சோதிக்கப்படுவது தளம்தான், அவரல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு அருகில் அமர்ந்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் கடினம்.

ஒரு கல்வி நிறுவனத்தின் தளத்தை எடுத்துக்கொண்டு, வகுப்புத் தோழர்கள் நால்வர் இவ்வாறு சோதித்துப் பார்த்தோம். ஒரு முதலாண்டு மாணவி, ஓர் ஆய்வகப் பணியாளர், ஒரு தேநீர்க் கடைக்காரர், தோழர் ஒருவருடைய தாயார், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் ஆகிய ஐவர். அவரவர் கைபேசியிலேயே பார்த்தனர். மூலையில் இருந்த மூன்று கோடுகள்தாம் உள்ளே போகும் கதவு என்பது அந்தத் தாயாருக்குத் தெரியவில்லை. "இது என்ன தம்பி, கோடு போட்டு விட்டிருக்காங்க?" என்று கேட்டார். தேநீர்க் கடைக்காரர் படித்து முடிப்பதற்குள் படம் நகர்ந்துவிட்டது. அது மறுபடி வரட்டும் என்று காத்திருந்தார். மாணவி 'ஸ்காலர்ஷிப்' என்ற சொல்லைத் தேடினாள். அது மாணவர் ஆதரவுச் சேவைகள் என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பின் கீழ் ஒளிந்திருந்தது. ஆசிரியர் சுற்றறிக்கையைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அது தாளைப் படமெடுத்துச் செய்த பி.டி.எஃப். கோப்பு. ஒவ்வொரு வரியையும் விரலால் விரித்து, இடமும் வலமும் தள்ளிப் படித்தார். பணியாளர் 05/06 என்ற தேதியைப் பார்த்து, "மே மாசமா, ஜூன் மாசமா?" என்றார். நியாயமான கேள்விதானே?

இவற்றைவிட என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. ஐவரில் ஒருவர்கூடத் தளத்தைக் குறை கூறவில்லை. "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்றே ஒவ்வொருவரும் சொன்னார்கள். முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய ஆசிரியரும் அதையே சொன்னார். அறியாமை அவர்களிடம் இல்லை. அமைத்த விதத்தில் இருந்தது. ஆனால் பழியை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு மோசமான தளம் நேரத்தை வீணாக்குவதோடு நிற்பதில்லை. 'இது எனக்கான இடமன்று' என்று ஒருவரை எண்ண வைத்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக அந்தச் சொல்லைக் கேட்டே பழகிய வீடுகளுக்கு, மறுபடியும் அதையே சொல்லும் ஒரு கருவி தேவைதானா?

பின்னர் அதே செய்திகளை வைத்து ஆய்வகத்தில் வேர்ட்பிரஸ்ஸில் ஒரு மாதிரித் தளம் செய்தோம். கோடுகளின் பக்கத்தில் 'மெனு' என்று எழுதினோம். ஓடும் படங்களை நீக்கினோம். 'ஸ்காலர்ஷிப் – உதவித்தொகை' என்று முதற் பக்கத்திலேயே வைத்து, கடைசி நாளை மாதத்தின் பெயரோடு எழுத்தில் கொடுத்தோம். இவற்றில் எதற்கும் ஒரு வரி நிரல்கூடத் தேவைப்படவில்லை. அந்தத் தாயார் இம்முறை யாரையும் கேட்காமல் தேதியைச் சொன்னார்.

தமிழில் கவனிக்க வேண்டியவை

தமிழ்த் தளத்துக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. 'சப்மிட்' என்ற சொல்லுக்கு வரைந்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. பாதி எழுத்து வெட்டுப்படும். கொம்பும் கொக்கியும் கொண்ட நம் எழுத்துகளுக்கு வரிகளுக்கிடையே கூடுதல் இடம் வேண்டும். தட்டச்சு நிலையங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. அவற்றிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றியே இட வேண்டும். பார்வையற்ற மாணவர்கள் திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டு படிக்கிறார்கள். என்.வி.டி.ஏ. என்ற அத்தகைய மென்பொருளும் திறமூலமே, தமிழையும் வாசிக்கிறது. ஆனால் படமாக ஏற்றிய சுற்றறிக்கையை அதனால் எப்படி வாசிக்க முடியும்? நம்முடன் படிக்கும் தோழருக்குக் கதவை நாமே சாத்துவது அன்றோ இது? 'உள்நுழைக' என்று எழுதுவதா, 'லாகின்' என்று எழுதுவதா என்ற வாதத்தையும் பயனர் முன் வைத்துத் தீர்த்துக்கொள்வதே நன்று. தமிழ் வாழ்வது மக்கள் புரிந்துகொள்ளும் இடத்தில்தான்.

தடைகளும் விடைகளும்

இலவசமாகக் கிடைப்பது பாதுகாப்பாக இருக்குமா என்று சிலர் கேட்கலாம். 2009இல் அமெரிக்க வெள்ளை மாளிகையே தன் தளத்தை ட்ரூபலுக்கு மாற்றியது. திறமூலத் தளங்கள் பெரும்பாலும் உடைக்கப்படுவது புதுப்பிக்காமல் விட்ட பழைய பதிப்புகளாலும், தேவையின்றிச் சேர்த்த பிளக்-இன்களாலும், எளிதில் ஊகிக்கத்தக்க பாஸ்வேர்டுகளாலுமே. பூட்டு இலவசமாகக் கிடைத்ததா என்பதைவிட, பூட்டினோமா என்பதே முக்கியம்.

செய்த மாணவர்கள் படிப்பு முடித்துப் போய்விட்டால் யார் பார்ப்பது என்பது இதைவிட வலுவான கேள்வி. இதற்கு மென்பொருளில் விடை இல்லை; நம் ஒழுங்கில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் இறுதியாண்டினர் இரண்டாம் ஆண்டினருக்குப் பொறுப்பை ஒப்படைக்கட்டும். என்ன செய்தோம், எதை எப்போது புதுப்பித்தோம் என்று ஒரு குறிப்பேடு துறையில் இருக்கட்டும். நிர்வாகிப் பொறுப்பு ஒரு பேராசிரியரிடம் இருக்கட்டும்.

பேராசிரியப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. இறுதியாண்டுச் செயல்திட்டத்தில் நிரலுக்கும் திரைப்படிகளுக்கும் மதிப்பெண் தருகிறோம். அதனுடன், கணினித் துறைக்கு வெளியே இருக்கும் ஐந்து பேரை அமர வைத்துச் சோதித்த அறிக்கை ஒன்றையும் கட்டாயமாக்க வேண்டும். யார் எங்கே தடுமாறினார், அதற்காக எதை மாற்றினோம் என்று இரண்டு பக்கம் போதும். இதற்குப் பாடத்திட்டம் மாற வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. கல்லூரி வாசலில் தேநீர்க் கடை இருக்கிறது. நூலகத்தில் உதவியாளர் இருக்கிறார். ஊரில் நம் தாய்மார் இருக்கிறார்கள்.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் அரசு அலுவலகத்துக்கும் தளங்கள் அமைக்கப் போகிறோம். அந்தத் திரையின் முன் அமரப்போகிறவர் யார் என்பது நம்மைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? கருவிகளை உலகம் விலையின்றித் தந்துவிட்டது. கேட்கும் காதை நாம்தான் தர வேண்டும். "எனக்குத் தெரியாதுங்க" என்று ஒருவரும் தலைகுனியாத தளங்களை நம் கல்லூரியிலிருந்தே தொடங்குவோமாக!